நாயின் விலா என்பும் நோயின் பெயரும்

"விலா என்பை அகற்றிவிட்டால் நாய் எங்ஙனம் மூச்சு விடும்?" என்று வாசகி ஒருவர் வினவியுள்ளார். அவருடைய நாயின் மார்பில் கட்டியொன்று கண்டு, சத்திரசிகிச்சை வேண்டும் என மிருக வைத்தியர் கூறினாராம். அவரது அச்சம் நியாயமானதே.

நாய்க்கு விலா என்புகள் 13 சோடி. நமக்கிருப்பதினும் ஒரு சோடி அதிகம். அவற்றிலே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் என்பும் கசியிழையமும் சேருமிடத்தில் முளைக்கும். வெளியே நெல்லிக்காயளவாய்த் தெரிவது உள்ளே தேங்காயளவாய் வளர்ந்திருத்தலும் கூடும். கையால் தடவிப் பார்த்து மதிப்பிடுதல் வீண்; சீ.ரி. படமே அதன் எல்லையைக் காட்டும்.

கட்டியை மாத்திரம் வெட்டினால் போதாது. சுற்றிலும் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் நல்ல இழையத்தையும், முன்னும் பின்னுமுள்ள நல்ல விலா என்பு ஒவ்வொன்றையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். இவ்வாறு 6 என்புகள் வரை அகற்றியும் நாய்கள் பிழைத்துள்ளன. மார்பு திறந்திருக்கும் வேளையில் சுவாசப்பை தானாக விரியாது. பிறர் காற்றூட்ட வேண்டும்.

திறந்ததை மூடுவதே பெரும் வித்தை. தாங்குவாரின்றி விட்டால், மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவ்விடம் உட்குழியும். இடைவெளி சிறிதாயின் அயலிலுள்ள தசையே போதும். பெரிதாயின் பொலிப்புரொப்பிலீன் வலையைத் தைத்து, முதுகின் அகன்ற தசையை இரத்தக்குழாயோடு திருப்பி அதன்மேல் போர்த்துவர். பின்புறத்து விலாக்களாயின் இன்னுமோர் உபாயம் உண்டு. பிரிமென்றகட்டை விளிம்பிற் கழற்றி முன்னே நகர்த்தித் தைத்துவிட்டால், அந்தத் துவாரம் மார்புக்கு உரியதாகாமல் வயிற்றுக்கு உரியதாகிவிடும். வயிற்றுக்கோ காற்றுப்புகாத சுவர் தேவையில்லை. இதனைக் கண்டறிந்தவர் புத்தியை மெச்சாதிருக்க முடியுமா?

ஆகவே மூச்சைப் பற்றிய கவலை இரண்டாவது. முதலாவது, கட்டி எவ்வினத்தது என்பது. கசியிழையத்தில் உண்டாகும் புற்றாயின், முற்றாக அகற்றியபின் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. கூடுதலாகக் காணப்படும் என்புப் புற்றோ, கண்டுபிடிக்கும் முன்னரே சுவாசப்பைக்குப் பரவியிருப்பது பெரும்பான்மை. அதற்குச் சத்திரசிகிச்சை மட்டும் செய்தால் ஏறத்தாழ 3 மாதம். மருந்தேற்றலும் சேர்ந்தால் ஏறத்தாழ 8 மாதம். கத்தியும் நோவும் செலவும் இரண்டிற்கும் ஒன்றே.

எனவே நாள் குறிக்குமுன், கட்டியில் ஒரு துண்டெடுத்துச் சோதிக்கவும் சுவாசப்பையைப் படம்பிடிக்கவும் வாசகி தம் வைத்தியரைக் கேட்பாராக. என்புப் புற்று பரவிவிட்டதென விடை வருமாயின், கத்தியைத் தவிர்த்து நோவடக்கும் மருந்தோடு நாயை வீட்டில் வைத்திருப்பதைக் கைவிடுதலென யாரும் சொல்லார்.