மார்க் ஷீட்டில் சிவப்புக் கோடு

பி.காம். படித்தவனுக்குக் குத்துச்சண்டையில் என்ன ஜோலி என்று கேட்காதீர்கள். எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு சமாசாரம் உண்டு. பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசி பாங்க் மேனேஜர் முன்னால் உட்கார வைப்பது. ஹெவிவெயிட் பையன்களை வளர்க்கிற மேனேஜர்கள் இதில் ஆடிட்டர்களுக்கே டியூஷன் எடுப்பார்கள்.

ஜெர்ரி கூனியைப் பாருங்கள். நியூயார்க் பக்கத்துப் பையன். ஆறரை அடி உயரம், இடது கையில் இடி. 25 சண்டை, 25 வெற்றி. ஆஹா! ஆனால் அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் நகத்தால் சுரண்டினால்... 1980-ல் ரான் லைல், வயசு 39. முதல் ரவுண்டிலேயே காலி. 1981 மே மாசம் கென் நார்ட்டன். 1973-ல் முகமது அலியின் தாடையை உடைத்த மகானுபாவர்தான், ஆனால் இப்போது வயசு 37. 54 விநாடியில் முடிந்தது. நான் டீ ஆற்றவே அதைவிட நேரமாகும்.

அப்புறம் பதின்மூன்று மாசம் சும்மா. பெரிய பணம் காத்திருக்கிறதே, நடுவில் எதுக்கு ரிஸ்க்? பொத்திப் பொத்தி வைத்தார்கள். 1982 ஜூனில் லாஸ் வேகாஸில் சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மூன்று சண்டையையும் கூட்டினால் ஆறு ரவுண்டுதான் வரும். இதுவோ பதினைந்து ரவுண்டு!

பையன் சோடையில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 2-வது ரவுண்டில் விழுந்தும் எழுந்து, 13-வது வரை நின்றான். டிரெய்னரே உள்ளே ஏறி நிறுத்த வேண்டியதாயிற்று. மூச்சை எப்படி மிச்சம் பிடிப்பது, தோற்கிற ரவுண்டை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கணும். மறுபடி ரிங் ஏற அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

"அப்ப எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆள்கிட்ட அனுப்பிடலாமா சார்?" அதுவும் நடந்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பீட் ராடமேக்கர், 1957-ல் தொழில்முறையில் தன் முதல் சண்டையையே உலக சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனோடு போட்டார். சாம்பியனை ஒரு தடவை கீழே தள்ளினார்கூட. ஆறாவது ரவுண்டில் மங்களம்.

என் கட்சி மைக் டைசன் ரூட். 1985-ல் மட்டும் 15 சண்டை. பெரும்பாலும் தொட்டால் விழுகிற ஆசாமிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1986 மே மாசத்தில் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன் என்று விழமாட்டேன் என்று அடம்பிடித்த இரண்டு பேர். மூன்றே வாரத்துக்குள் இருபது ரவுண்டு! அந்த நவம்பரில் சாம்பியன். வயசு 20.

தோற்றால்? தோற்கட்டுமே! லண்டன்காரர் டேனியல் டுபுவா, 15 வெற்றிக்கப்புறம் 2020-ல் ஜோ ஜாய்ஸிடம் மாட்டினார். கண்ணைச் சுற்றி எலும்பு உடைந்து முட்டி போட்டுவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று ஏசினார்கள். 2024 செப்டம்பரில் அதே ஆள், வெம்ப்ளியில் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் படுக்கப்போட்டார். அப்போது அவர் மார்க் ஷீட்டில் சிவப்புக் கோடு இரண்டு.