காம்பேக்ட் என்றால் எத்தனை அடி?

ஐந்து வருஷமாக இந்தப் பக்கத்தில் ‘காம்பேக்ட்’ என்ற சொல் படாத பாடு படுகிறது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே இந்தச் சொல்லுக்கு ‘இடைவெளி இல்லாமல் இறுகியது’ என்று வாத்தியார் பொருள் சொல்லிக் கொடுத்தார். வீடு விற்கிறவர்கள் அகராதியில் அதற்கு ‘அளவைக் கேட்காதே’ என்று பொருள் போலிருக்கிறது.

எங்கள் பள்ளிபாளையத்தில் ஆறு விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், நாலு தறியை விற்று, வீட்டம்மா நகையையும் வைத்து, ஆற்றுக்கு அக்கரையில் ஈரோட்டில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறார். ஆஸ்பத்திரி பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம், ராத்திரி தறிச் சத்தம் கிடையாது. இந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் அந்தத் தடதடப்பில் தூங்கியவருக்கு அமைதிக்கு உரிமை உண்டு. என் சண்டை அவர் கொண்டுவந்து காட்டிய தாளோடு.

தாளில் 650 சதுர அடி, அடிக்கு 5,500 ரூபாய், மொத்தம் 35,75,000. “சின்ன வீடுன்னாலும் ரெண்டு ரூமுங்க சார், பாருங்க” என்றார். வரைபடத்தில் இருந்த அறை அளவுகளை உட்கார்ந்து கூட்டினேன். சுவருக்குள்ளே புழங்கும் இடம் 440 சதுர அடிதான் வந்தது. மாடிப்படி, லிஃப்ட், வாசல் நடை, வெளிச்சுவர், மொட்டைமாடித் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்து 650 ஆக்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் சூப்பர் பில்ட்-அப். 440-ஆல் வகுத்துப் பாருங்கள்: அடி 8,125 ரூபாய்! துணிக்கடையில் மீட்டர் கோலைக் குறைத்துப் பிடித்தால் சட்டையைப் பிடிப்போம். இங்கே நன்றி சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

பிரான்சில் 1996-இல் காரே சட்டம் என்று ஒன்று போட்டார்கள். கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டை விற்பவர், பத்திரத்தில் உள்பரப்பை எழுதியே ஆக வேண்டும். சுவர், படிக்கட்டு சேராது, கூரை 1.80 மீட்டருக்குக் கீழே இருக்கிற மூலையும் சேராது. எழுதியதைவிட இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், குறைந்த அளவுக்கு விலையைத் திருப்பிக் கேட்கலாம். பாரீசில் பொந்து மாதிரி வீடு வாங்குகிறவனுக்குக்கூடத் தன் பொந்தின் அளவு தெரியும்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த ரெரா சட்டம் ‘கார்பெட் ஏரியா’ என்றால் என்ன என்று தெளிவாகவே சொல்கிறது: உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம்மவரிடம் வெறும் ரசீதில் 20 சதவீதம் கேட்கிறார்கள்.

எந்தத் தைரியத்தில் கேட்கிறார்கள்? அந்தக் கட்டடத்தில் மொத்தம் எட்டு வீடு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டுக்கு மேற்படாத வீடு என்றால் ரெராவில் பதிய வேண்டாம் என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பதிவு இல்லை என்றால் பதிவு எண் இல்லை. இணையத்தில் வரைபடத்தைத் தேடிப் பார்க்க வழியில்லை. வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடு என்று கேட்கவும் ஆளில்லை. கடைத்தெருவை ஒட்டி ஐந்து சென்ட், ஆறு சென்ட்டில் எழும்புகிற சின்னக் கட்டடம் எல்லாம் இந்த ஓட்டையில்தான் நுழைகிறது. பெரிய வளாகத்தில் வாங்குகிறவனுக்குக் காவல் இருக்கிறது. தறியை விற்று வாங்குகிறவனுக்கு இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் நிலம். மனை 6 சென்ட், அதாவது சுமார் 2,613 சதுர அடி. எட்டு வீடும் ஒரே அளவு. ஆளுக்குப் பிரிபடாத பாகம் 326 அடி வர வேண்டும். தாளில் 240 என்று இருக்கிறது. மிச்சம் ஏறக்குறைய ஒன்றரை சென்ட் யார் பெயரில் நிற்கும்? கேட்டால் “அதெல்லாம் ஸ்டாண்டர்டு சார்” என்கிறார் புரோக்கர். கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். நாளைக்கு இடித்துக் கட்டுவது என்று வந்தால் அவரவர் கையில் இருக்கிற பாகம்தான் பேசும்.

பாக்கி 28 லட்சம் வங்கிக் கடன். எட்டரை வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதம் சுமார் 24,300. மகன் சம்பளத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். எட்டரைக்கு நாலரை என்ற குழந்தைகள் அறையில் கட்டில் போட்டால் பீரோ போட இடமில்லை. அதையும் வரைந்து காட்டிவிட்டேன். “வித்துப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிக்கலாமுங்க” என்கிறார். வாங்குகிறவன் டேப் கொண்டு வர மாட்டான் என்ற நம்பிக்கை!

எட்டு வீடு, 500 சதுர மீட்டர் என்ற அந்த வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு ரெரா சட்டத்திலேயே அதிகாரம் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். வரம்பை நாலு வீட்டுக்கு இறக்கட்டும். கார்பெட் ஏரியாவும் நிலத்தின் பாகமும் எண்ணால் எழுதாத அடுக்குமாடிப் பத்திரத்தை சப்-ரிஜிஸ்திரார் மேஜையிலேயே திருப்பி அனுப்பட்டும். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், ஒரு படிவத்தில் இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடிக்கிற வேலை அது.