விண்மீன் நீக்கிய வானம்

நுழையும்முன்

அறிவியல் படங்கள் உண்மையைக் காட்டுகின்றன என்பது நம் நம்பிக்கை. அப்படங்களைத் திருத்தும் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் உள்ளன. திருத்தம் எதுவரை விளக்கமாகும், எப்போது மறைப்பாகும் என்னும் வினாவை வானியல் ஒளிப்படக்கலையைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒளிப்படம் தந்த வானம்

1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இரவில், அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர், ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள பெரிய விண்முகிலை முதன்முதலாக ஒளிப்படம் எடுத்தார். நெபுலா எனப்படும் அவ்விண்முகிலின் மங்கிய ஒளியைத் தகட்டில் பதிக்க அவருக்கு 51 நிமிடங்கள் தேவைப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயரான ஆன்ட்ரூ காமன் அதே விண்முகிலைப் படம்பிடித்தார். தொலைநோக்கி வழியே கண்ணால் காண இயலாத விண்மீன்களும் அவருடைய படத்தில் பதிந்திருந்தன. மனிதக் கண்ணின் எல்லையைக் கடந்து வானத்தைக் காணும் வழி அன்று பிறந்தது. அதன்பின் தொலைநோக்கியின் ஆடி பெரிதானதும், தகட்டின் இடத்தை மின்னணு உணரி பெற்றதும், இன்னும் ஒரு விண்மீனையேனும் கூடுதலாகக் காண வேண்டும் என்ற வேட்கையால்தான்.

இன்று அந்தப் பயணம் ஒரு விந்தையான திருப்பத்தை அடைந்துள்ளது. வானத்தைப் படம்பிடிக்கும் ஆர்வலர் பலர், தாம் பல இரவுகள் விழித்திருந்து எடுத்த விண்முகில் படங்களிலிருந்து விண்மீன்களை முற்றிலுமாக நீக்கி வெளியிடுகின்றனர். கரும்பரப்பில் சிவப்பும் நீலமுமாகப் புகைபோல் சுருண்டு படரும் முகில் மட்டுமே அவற்றில் எஞ்சுகிறது. காண்போர் வியக்கின்றனர். வியப்புக்குரிய அழகு அவற்றில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வானத்தின் படந்தானா என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

ஏன் நீக்குகின்றனர்?

இச்செயலைப் பழிப்பதற்கு முன் அதன் தேவையை அறிந்துகொள்வது முறை. விண்முகில் பரந்தது, ஆனால், மிக மங்கலானது. விண்மீனோ சிறு புள்ளி. ஆனால், மிகுந்த ஒளியுடையது. மங்கலான முகிலைப் புலப்படுத்தப் படத்தின் ஒளியளவை உயர்த்தும்போது விண்மீன்களும் உடன் பருத்து, தத்தம் நிறத்தை இழந்து, வெண்பொட்டுகளாகி முகிலை மறைத்துவிடுகின்றன. பால்வீதி செறிந்த பகுதிகளில் ஒரே படத்தில் பல்லாயிரம் விண்மீன்கள் பதிவதால் முகிலின் இழைகளைப் பிரித்தறிவது அரிதாகிறது.

இவ்விடருக்குத் தீர்வாக ஸ்டார்நெட், ஸ்டார்எக்ஸ்டெர்மினேட்டர் போன்ற மென்பொருள்கள் வந்துள்ளன. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இவை, விண்மீன் உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், அதிலுள்ள விண்மீன்களை அடையாளங்கண்டு நீக்கி, அவை இருந்த இடங்களைச் சுற்றுப்புறத்திற்கு ஏற்ப நிரப்பித் தருகின்றன. தேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பலர் முகிலையும் விண்மீன்களையும் இவ்வாறு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே செம்மைசெய்து, இறுதியில் மீண்டும் ஒன்றுசேர்த்துவிடுகின்றனர். இதில் குறைகாண ஏதுமில்லை. பாறைப் படிவைப் படியெடுப்பவர் முதலில் அதன்மேல் படிந்த தூசியைத் துடைப்பதைப் போன்றதொரு வேலைமுறைதான் இது என்று அவர்கள் கூறுவர்.

வானியல் படங்களில் திருத்தமே கூடாது என்று வாதிடுவதும் பொருந்தாது. ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்னும் புகழ்பெற்ற படத்தின் வண்ணங்களை நம் கண்கள் நேரில் கண்டிருக்க முடியாது. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சை, ஆக்சிஜனின் ஒளிக்கு நீலம் என அறிவியலாளர் வகுத்தளித்த வண்ணங்கள் அவை. எந்த வண்ணம் எந்தத் தனிமத்தைக் குறிக்கிறது என்பதை அவர்கள் வெளிப்படையாக அறிவித்தனர். ஆகவே, அப்படம் அழகாகவும் இருந்தது, ஆய்வுக்கும் பயன்பட்டது. இங்கிருந்து நாம் ஒரு தெளிவைப் பெறலாம்: சிக்கல் திருத்தத்தில் இல்லை, திருத்தத்தைச் சொல்லாமல் விடுவதில் உள்ளது.

தூசியா, பொருளா?

விண்மீன்களைத் தூசியோடு ஒப்பிடும் வாதத்தை மட்டும் ஏற்க இயலாது. ஏனெனில் விண்முகிலின் ஒளிக்குக் காரணமே விண்மீன்தான். ஓரியன் விண்முகில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடுவே 'டிரப்பீசியம்' எனப்படும் இளம் விண்மீன்களின் சிறு கொத்து ஒன்று உண்டு. அவற்றுள் முதன்மையான ஒன்றிலிருந்து வீசும் புறஊதாக் கதிர்களே சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிரச் செய்கின்றன. அவ்விண்மீன்களை நீக்கிவிட்ட படத்தில் முகில் தானே ஒளிர்வதுபோலத் தோன்றும். விளைவு இருக்கும், அதன் காரணம் இருக்காது.

தமிழர் அறுமீன் என்று அழைத்த கார்த்திகையை எடுத்துக்கொள்வோம். நீண்டநேரம் ஒளி ஏற்று எடுத்த படங்களில் அவ்விண்மீன்களைச் சுற்றி மெல்லிய நீலப்படலம் தெரியும். அது விண்மீன்களுக்கிடையே உள்ள தூசி. கார்த்திகைக் கூட்டம் தன் வழியில் எதிர்ப்பட்ட தூசிப் பரப்பைக் கடந்து செல்கிறது. அதன் ஒளியையே அத்தூசி எதிரொளிக்கிறது. அங்கே விண்மீன்களை அழித்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொள்வது, கார்த்திகைத் திருநாளில் அகல்களை அகற்றிவிட்டுச் சுவரில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் காட்டுவதற்கு நிகர்.

ஒளிராத முகில்களின் நிலை இன்னும் வியப்பானது. வானில் சில பகுதிகள் விண்மீன்களே இல்லாமல் கருமையாகத் தோன்றும். அவை வானத்தின் வெற்றிடங்களா, பின்னணியை மறைக்கும் முகில்களா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் பர்னார்டு அத்தகைய இருண்ட பகுதிகளைப் பொறுமையுடன் படம்பிடித்து, 182 இடங்களைக் கொண்ட பட்டியலை 1919இல் வெளியிட்டார். ஜெர்மானியரான மாக்ஸ் வுல்ஃப், இருண்ட பகுதிக்குள் தெரியும் விண்மீன்களின் எண்ணிக்கையை அதன் அருகிலுள்ள பகுதியின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, மறைக்கும் முகிலின் தொலைவை மதிப்பிடும் முறையை உருவாக்கினார். இருண்ட முகிலுக்குச் சான்று விண்மீன்கள் குறைந்திருப்பதே. படம் முழுவதும் விண்மீன்களை நீக்கிவிட்டால் எங்கே குறைந்தன, எங்கே நிறைந்தன என்று எவ்வாறு அறிவது? சாட்சிகள் அனைவரையும் வெளியேற்றிவிட்டு வழக்கை விசாரிப்பது போலாகும் அது.

ஒரு புள்ளியின் மதிப்பு

1923ஆம் ஆண்டு அக்டோபரில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் எட்வின் ஹபிள், அன்று 'ஆந்திரமேடா நெபுலா' என்றே அழைக்கப்பட்ட ஒளிப்பரப்பைப் படம்பிடித்தார். அதிலிருந்த ஒரு புள்ளியைத் திடீரென ஒளிரும் விண்மீன் என்று முதலில் குறித்தவர், பழைய தகடுகளோடு ஒப்பிட்டபின் அக்குறியை அடித்துவிட்டு, அது மாறும் விண்மீன் என்று எழுதினார். அது செஃபீடு வகையைச் சேர்ந்தது. அத்தகைய விண்மீனின் ஒளி கூடிக்குறையும் கால அளவைக்கொண்டு அதன் தொலைவைக் கணிக்கலாம். ஆந்திரமேடா நம் பால்வீதிக்கு அப்பால் உள்ள மற்றொரு விண்மீன் திரள் என்பது அந்த ஒரே புள்ளியால் உறுதியாயிற்று. அதன் தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று அறிவோம். முகிலின் அழகுக்கு இடையூறு என்று அந்தப் புள்ளியை எவரேனும் துடைத்திருந்தால் அண்டத்தின் பரப்பை அறிவது தள்ளிப்போயிருக்கும்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் மண்ணிலும் அத்தகைய கூர்ந்த பார்வை இருந்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிக்குலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். எண்ணற்ற புள்ளிகளிடையே ஒன்று மட்டும் முன்புபோல் இல்லை என்பதைக் கண்டுகொண்ட உழைப்பு அது. அப்பார்வைக்கு எந்தப் புள்ளியும் வேண்டாததன்று.

கழித்தலும் கற்பித்தலும்

வானியலாளரும் தம் ஆய்வில் விண்மீன்களை நீக்குவதுண்டு. ஆனால், அவர்கள் செய்வது கணக்கிட்ட கழித்தல். விண்மீனின் ஒளி தம் கருவியில் எவ்வாறு பரவுகிறது என்பதை முதலில் அளப்பர். அந்த அளவை மட்டும் படத்திலிருந்து கழிப்பர். எவ்வளவு கழித்தனர், அதில் பிழை எவ்வளவு என்பதையும் பதிவு செய்வர். நுண்ணறிவு மென்பொருள் செய்வது வேறு. ஒளிமிகுந்த விண்மீன் பதிந்த இடத்தில் அதன் பின்னுள்ள முகிலைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அழிந்திருக்கும். அவ்விடத்தை மென்பொருள் தன் ஊகத்தால் நிரப்புகிறது. முகிலில் உள்ள சிறிய ஒளிமுடிச்சையும், தொலைவிலுள்ள சிறு விண்மீன் திரளையும்கூட விண்மீன் என்று பிறழ உணர்ந்து நீக்கிவிட வாய்ப்புண்டு. அழகுக்கு இவ்வூகம் போதும், அறிவுக்குப் போதாது.

ஆகவே மூல ஆவணத்தைப் பேணுதல் முதற்கடமையாகிறது. இதற்குச் சிறந்த சான்று நம் கொடைக்கானலிலேயே உள்ளது. 1899இல் பணியைத் தொடங்கிய அங்குள்ள சூரிய ஆய்வகத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை நாள்தோறும் படம்பிடித்து வந்துள்ளனர். சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்குதான் கண்டறிந்தார். நூறாண்டுக் காலத் தகடுகள் இன்று எண்மப் படங்களாக மாற்றப்பட்டு, சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராயப் பயன்படுகின்றன. அத்தகடுகளை எடுத்தவர்கள் கணினியை அறியாதவர்கள். தமக்குப் பின்வருவோர் என்ன கேட்பர் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கண்டதைக் கண்டவாறு வைத்துச் சென்றதால்தான் அவர்கள் எண்ணிப்பாராத வினாக்களுக்கும் அத்தகடுகள் விடை தருகின்றன.

காளவாசலின் வானம்

இவ்வினா ஒளிப்படக் கலைஞரோடு முடிந்துவிடுவதன்று. மதுரையின் மேற்கே, தேனிச் சாலை தொடங்கும் இடம் காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்கு வழங்கும் பெயர் அது. விண்முகிலும் ஒருவகைச் சூளையே. வளிமமும் தூசியும் அங்கே தம் ஈர்ப்பால் திரண்டு, வெம்மையுற்று, விண்மீன்களாகின்றன. 'படைப்பின் தூண்கள்' உள்ள பகுதியை 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் எடுத்தபோது, தூசிக்குள் மறைந்திருந்த இளம் விண்மீன்கள் வெளிப்பட்டன. சூளையைக் காட்டிவிட்டு அதில் வெந்த செங்கல்லை மறைப்பதில் என்ன பொருளிருக்கிறது?

இன்றைய காளவாசலில், இரவில் தெருவிளக்குகளும் கடைவிளக்குகளும் வாகன விளக்குகளும் வானத்தை வெளிறச் செய்கின்றன. இருள் நிறைந்த ஊரில் வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் சில ஆயிரம் விண்மீன்கள் புலப்படும். நகரத்தின் நடுவே அவற்றுள் ஒளிமிக்க சிலவே எஞ்சும். அதே சாலையில் நாகமலையைக் கடந்து உசிலம்பட்டிப் பக்கம் செல்லச் செல்ல, விளக்குகள் குறையும், விண்மீன்கள் கூடும். மென்பொருள் இல்லாமலேயே நகரம் தன் வானத்திலிருந்து விண்மீன்களை நீக்கிவிட்டது. இந்த நீக்கத்தை நாம் திருத்தம் என்று உணர்வதுகூட இல்லை.

நகரத்தில் வளரும் பிள்ளைக்கு வானம் பெரும்பாலும் படங்களின் வழியே அறிமுகமாகிறது. அப்படமும் விண்மீன் அற்றதாக இருந்தால், எந்த வானத்தைக் கண்டு அப்பிள்ளை ஐயங்கொள்ளும்? எதை எண்ணும்? எதனோடு எதை ஒப்பிடும்? நேரிற் காணும் வாய்ப்புக் குறையக் குறையப் படத்தின் பொறுப்பு மிகுகிறது.

செய்ய வேண்டுவன

விண்மீன் நீக்கிய படங்களைத் தடைசெய்ய வேண்டியதில்லை. முகிலின் வடிவை விளக்க அவை நல்ல துணை. ஆனால், மூன்று நெறிகளை வேண்டுவது மிகையாகாது. நீக்கியதை நீக்கியதாகப் படத்தின் கீழே எழுத வேண்டும். திருத்தப்படாத மூலப்படத்தைப் பேண வேண்டும். பாடநூலிலோ கண்காட்சியிலோ வைக்கும்போது விண்மீனுடன் கூடிய படத்தையும் அருகில் வைக்க வேண்டும். இவ்வாறு செய்தால் அழகு குறையாது, நம்பிக்கை கூடும்.

வானத்திலிருந்து நாம் நீக்கிவிட்ட விண்மீன்களையும் மீட்க முடியும். விளக்கொளி மேலே சிதறாமல் தரையில் மட்டும் விழுமாறு மூடியமைப்பதும், தேவையற்ற நேரத்தில் விளக்கை அணைப்பதும் எளிய செயல்களே. லடாக்கின் ஹான்லே பகுதி இருள்வான் காப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்கே மேற்கொள்ளும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் நம் தெருக்களுக்கும் தரலாம். விண்மீன்கள் எங்கும் போய்விடவில்லை. அவற்றின் ஒளி இப்போதும் காளவாசலின் மீது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நிலவில்லாத ஓர் இரவில், கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணிக் குறித்து, வேறோர் ஊரில் உள்ள உறவினரின் கணக்கோடு ஒப்பிடுக.

2. 'திருத்தப்பட்ட படம் பொய்யான படமாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நடத்துக.