கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் போதுமா?

"கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டார்கள், களிமண் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் என்ன பயம்?" காலை நடையின்போது நண்பர் அடித்துச் சொன்னார். பேச்சு பிரான்சிலுள்ள ப்யூர் கிராமத்தைப் பற்றியது. எங்கள் புதுச்சேரியில் பலரைப் போல அவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, ஓட்டும் உண்டு. ஆகவே இது வெட்டிப் பேச்சு அல்ல.

ப்யூர் அருகே சுமார் 500 மீட்டர் ஆழத்தில், 16 கோடி ஆண்டு பழைய களிமண் பாறை இருக்கிறது. அணுக்கழிவை அதற்குள் புதைக்கத் திட்டம். 2023 ஜனவரியில் அனுமதி கேட்டு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது.

களிமண் துகள் என்பது ஏடு ஏடாக அடுக்கியது. அந்த ஏடுகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. அதனால் சீசியம் போன்ற நேர்மின் அயனிகள் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டுதலைத்தான் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான அணுக்களை வைத்து, எது எதை இழுக்கும், எது எதைத் தள்ளும் என்று சூத்திரம் கொடுத்து, அணு அணுவாக நகர்த்துகிறார்கள். அருமையான வேலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் பத்து லட்சம் தடவை நகர்த்தினால், அங்கே ஓடும் நேரம் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான்! இதை மட்டும் வைத்து லட்சம் ஆண்டுக்கு உத்தரவாதம் எழுதலாமா? ஆய்வாளர்கள் எழுதுவதில்லை. நம் நண்பரைப் போன்றவர்கள்தான் எழுதுகிறார்கள்.

"எல்லாவற்றையும்" என்பதும் தவறு. கழிவில் அயோடின்-129 இருக்கிறது. அதில் பாதி அழியவே ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அது நீரில் எதிர்மின் அயனியாகத் திரிவது. களிமண் அதைப் பிடிக்காது, தள்ளிவிடும். பாறையின் நுண்துளைகளில் அது மிக மெதுவாகத்தான் நகரும் என்பதே அங்கே காவல்.

நான் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஒரு வருஷம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் 40 நாற்காலி இருந்தது. கூட்டல் சரி, கையெழுத்தும் சரி. அறையைத் திறந்து எண்ணினால் 31! கூட்டலில் பிழை இல்லை, முதல் வரியில் எழுதியதே பிழை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். கொடுத்த சூத்திரம் கோணல் என்றால் விடையும் கோணல்தான். அதனால்தான் ப்யூரில் நிலத்தடி ஆய்வுக்கூடம் கட்டி, பாறையில் துளை போட்டு, அயனிகளை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகின்றன என்று அளக்கிறார்கள். அதுதான் அறையைத் திறந்து எண்ணுவது.

எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? நேரில் எண்ணிப் பார்த்தீர்களா? இந்த இரண்டு கேள்வியைக் கேட்காமல் யாரும் தலையாட்டக் கூடாது. நாற்காலி குறைந்தால் குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்கலாம். அங்கே கணக்குத் தப்பினால் யார் சம்பளத்தில் பிடிப்பது? கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு இருக்கவே மாட்டாரே!