ஞாயிறு அன்று மைதானத்தில் இல்லாதவர்



எரிக் லிடெல் என்ற ஓட்டக்காரரின் சாட்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தபடியால் அவர் அதை விட்டுவிட்டார். பின்பு 400 மீட்டரில் தங்கம் வென்றார். விட்டதற்கு ஈடு கிடைத்த கதை. ஈடு கிடைக்காத ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் மைக்கேல் ஜோன்ஸ். சமோவா வழிவந்தவர், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தவர். ரக்பி வீரர். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் அவ்விளையாட்டில், பந்தை ஏந்தி ஓடுகிறவரை எதிரணியினர் பாய்ந்து பிடித்து வீழ்த்துவார்கள். வீழ்த்துவதில் ஜோன்ஸ் வல்லவர். ஒரு கிறிஸ்தவர் இவ்வளவு கடுமையாக மோதலாமோ என்று கேட்டதற்கு, வாங்குவதைவிடக் கொடுப்பதே மேலானது அல்லவா என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவார்கள்!

1987-இல் முதலாவது உலகக் கோப்பை நடந்தது. எதிரணியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவதை 'டிரை' என்பர். பிரான்சை 29-9 என வென்ற இறுதியாட்டத்தில் ஜோன்ஸும் ஒரு டிரை எடுத்தார். அது சனிக்கிழமை. அதற்கு ஆறு நாள் முன்பு நடந்த அரையிறுதியில் அவர் இல்லை, அது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அப்போது 22 வயது. அம்முறை அணிக்கு நஷ்டம் ஒன்றும் நேரவில்லை.

1991-இல் அப்படி இல்லை. இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தின் ஒரே டிரை அவருடையது. ஆனால் இத்தாலி, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று அணிகளுடனான ஆட்டங்களும் ஞாயிறுகளில் வந்தன. மூன்றிலும் அவர் ஒதுங்கினார். அரையிறுதியில் ஆஸ்திரேலியா 16-6 என்று வென்றது. அவர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அவருடைய தீர்மானத்தின் விலையில் ஒரு பங்கை அன்று தோழர்களும் செலுத்தினார்கள் என்பதை மறைக்கலாகாது. ஞாயிறு ஷிஃப்டை மறுத்து, அதைச் சக ஊழியர் தலையில் விட்டு ஆராதனைக்கு வந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

1995-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கு அவரைத் தெரிந்தெடுக்கவே இல்லை. காலிறுதியும் அரையிறுதியும் ஞாயிற்றுக்கிழமை. பாதியில் விலகும் வீரர் அணிக்கு எதற்கு? தெரிவாளர்களைக் குறைகூற என்னால் இயலவில்லை.

அவ்வாண்டே ரக்பி சம்பளத்திற்கு ஆடும் தொழிலாயிற்று. 1989-இல் முழங்காலிலும் 1993-இல் தாடையிலும் பலத்த காயமடைந்திருந்தும், அவர் ஆக்லாந்து புளூஸ் அணியில் ஆடினார். நியூசிலாந்துக்காக 55 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடி 1998-இல் ஓய்ந்தார்.

பின்பு பயிற்சியாளரானார். 1986-இல் சமோவாவுக்காக ஒரேயொரு டெஸ்ட் ஆடியிருந்தார். 2003 உலகக் கோப்பையில் அதே அணியின் துணைப் பயிற்சியாளராகவும், 2004 முதல் தலைமைப் பயிற்சியாளராகவும் பணிசெய்தார். சின்னஞ்சிறு தீவு நாடு. சிறந்த வீரர்கள் பிழைப்புக்காக அயல்தேசத்து கிளப்புகளில் சிதறியிருந்தார்கள். 2007 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டங்களில் வெற்றி ஒன்றே. அயல்தீவான தொங்காவிடம் நான்கு புள்ளிகளில் தோற்றது பெரிய வேதனை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

2017-இல் நியூசிலாந்து அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. பசிபிக் தீவு மக்களுக்கும் இளைஞருக்கும் செய்த சேவைக்காக என்றே அறிவிப்பில் கண்டிருந்தது.