மறுபடியும் குடித்தது தலையெழுத்தா?

குடியை விட்ட ஒருவன் மறுபடியும் குடித்துவிட்டான் என்றால், நமது ஜனங்கள் அதற்கு மூன்று காரணங்கள் சொல்லுகிறார்கள். ஒன்று, அவன் தலையெழுத்து என்பது. இரண்டு, சாமி குற்றம் என்பது. மூன்று, அவன் மானங்கெட்டவன் என்பது. இம்மூன்றில் எதை ஒப்புக்கொண்டாலும் அதற்குமேல் யாருக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது. தலையெழுத்தை யார் அழிப்பது? சாமி கோபத்திற்கு யார் வைத்தியம் பார்ப்பது? மானங்கெட்டவனோடு யார் பேசுவது? கடைசியில் அவன் பெண்சாதியும் பிள்ளைகளும் பட்டினி கிடப்பதுதான் மிச்சமாகின்றது.

குடியை நிறுத்த நம்மவர்கள் கையாளும் வழி என்ன? கோவிலில் கயிறு கட்டுவதும், சூடத்தை அடித்துச் சத்தியம் வாங்குவதும், மாலை போடச் செய்வதும்தானே? மாலை போட்டவன் ஒரு மண்டலம் குடியாமல் இருக்கிறான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நாட்களில் அவனைக் காத்தது எது என்று சற்று யோசித்துப் பாருங்கள். அவன் விடியுமுன் எழுந்து குளிக்கிறான். பழைய கூட்டாளிகளை விட்டுக் குடிக்காதவர்களோடு சேருகிறான். வீட்டாரும் ஊராரும் அவனை மரியாதையாய் அழைக்கிறார்கள். “வா, ஒன்று போடலாம்” என்று எவனும் கூப்பிடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் போய்விடுகின்றன; குடியும் வந்துவிடுகிறது. காத்தது மாலையின் சக்தியானால், கழற்றின மறுநாள் அந்தச் சக்தி எங்கே போயிற்று? ஆகவே காத்தது ஏற்பாடே தவிர வேறில்லை. அந்த ஏற்பாட்டை ஒரு மண்டலத்தோடு விடாமல் வருஷக்கணக்காய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வந்த சங்கதி.

மற்றொரு விஷயம். வெகுகாலம் தினந்தோறும் குடித்தவன் சத்தியத்திற்குப் பயந்து திடீரென்று நிறுத்தினால், இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும், பிதற்றலும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதும் உண்டாகலாம். இதைப் பேய் என்று மந்திரவாதியிடம் கொண்டுபோகிறார்கள். இது பேயல்ல, சாராயத்திற்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் பதறுவதாகும். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்துண்டு. கவனியாமல் விட்டால் உயிருக்கே மோசம். இந்த அவதி பொறுக்காமலே மறுபடியும் குடித்தவர்கள் அனேகர்.

இனி, குடியை விட்டவன் மறுபடியும் விழுவது ஒரு நிமிஷத்தில் நடப்பதல்ல. கிளாஸைத் தொடுவதற்கு வெகுநாள் முன்பே அவன் விழத் தொடங்கிவிடுகிறான். தூக்கம் கெடும்; அற்ப விஷயத்திற்கும் எரிந்து விழுவான்; வைத்தியரிடம் போவதை நிறுத்துவான்; பழைய கூட்டாளிகளைத் தேடுவான்; கடை இருக்கும் தெரு வழியாகவே போவான்; கூலியில் கொஞ்சம் மறைப்பான்; “ஒன்றே ஒன்று என்ன செய்துவிடும்?” என்பான். புகையைக் கண்டவுடன் தண்ணீர் தேடுகிறவன் கூரையைக் காப்பாற்றுவான். கூரை எரிந்த பிறகு விதி என்று அழுது என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் 1985-ல் இதைப் பற்றி ஒரு புஸ்தகமே வெளியிட்டிருக்கிறார்கள். துக்கம், கோபம் போன்ற மனநிலையும், பிறரோடு உண்டாகும் சச்சரவும், கூட்டாளிகளின் வற்புறுத்தலுமே மனிதனைப் பெரும்பாலும் தள்ளிவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே கூலி நாளில் எந்த வழியாய் வீடு திரும்புவது, கல்யாணத்திலும் கருமாதியிலும் கிளாஸை நீட்டுகிறவனுக்கு என்ன பதில் சொல்லுவது, ஆசை எழும்போது யாரிடம் போவது என்பவைகளை முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும். மாலையில் வயிறு காலியாய் இருக்கக்கூடாது. ஆசை அலையைப் போல் எழுந்து தணியும். தணியும்வரை தாங்கினால் போதும்.

அவர்கள் சொல்லும் இன்னொன்று இதைவிட முக்கியமானது. ஒருநாள் தவறியவன், “இனி எல்லாம் போயிற்று” என்று எண்ணியே முழுக்குடியனாகிறான். சத்தியம் முறிந்தது என்ற பயம் இவ்வெண்ணத்தை இன்னும் வளர்க்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருஷத்திற்குள் மறுபடியும் பழக்கத்திற்குத் திரும்புகிறவர்கள் 100-க்கு 40 முதல் 60 பேர் என்று 2000-த்தில் அமெரிக்க டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்துமாவும் ரத்தக்கொதிப்பும் திரும்பி வருவதும் ஏறக்குறைய இந்தக் கணக்கே. ஆஸ்துமாக்காரனுக்கு மறுபடியும் மூச்சிரைத்தால் அவனை நாம் காரித்துப்புகிறோமா? மருந்தை மாற்றுகிறோமல்லவா?

இதனால் குடித்தவன்மீது பொறுப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. பெண்சாதியை அடிப்பதை எந்த வியாதியின் பேராலும் மன்னிக்க முடியாது. ஆனால் அவளையே காவல்காரியாக்கி, “நீதான் சரியாய்ப் பார்த்துக்கொள்ளவில்லை” என்று மாமியாரும் ஊராரும் பழிப்பது அதைவிடப் பெரிய அக்கிரமமாகும். குழம்பில் தெரியாமல் மருந்து கலக்கச் சொல்லுவதும் ஆபத்து. குடிக்கு எதிரான மாத்திரை என்று 1948-ல் டென்மார்க்கில் கண்டுபிடித்துச் சொன்ன டைசல்பிரம், அதைத் தின்றவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்கச் செய்யும். சிலருக்கு உயிரும் போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லித் தின்ன வேண்டிய மருந்து அது.

சர்க்காரோ 2003 முதல் தானே சில்லறைக் கடை வைத்துச் சாராயம் விற்கிறது. கடையைத் தெருவில் வைத்துவிட்டு, மனஉறுதி இல்லை என்று குடித்தவனை மட்டும் திட்டுவது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் குடியை விட்ட ஒருவன் இருப்பானானால் அவனைப் பரிகாசம் செய்யாதீர்கள். விருந்தில் அவன் கையில் மோரைக் கொடுங்கள். அவன் தவறினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற இலவசப் போனில் கேளுங்கள். கயிறு அறுந்தால் மறுபடியும் கட்டச் சொல்லும் புத்தி, மனிதன் விழுந்தால் மறுபடியும் தூக்கச் சொல்லவில்லையானால், அந்தப் புத்தியால் யாருக்கு என்ன லாபம்?