முத்தோரைச் சரிவில் ஒரு செவி

துருவ ஒளி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது நார்வே நாட்டுப் படங்களில் அசையும் பச்சைத் திரை. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் அது செந்நிறமாகப் பதிவானபோது நாளிதழ்கள் வியந்து எழுதின. அவ்வொளியைக் காண்பதேயன்றிக் கேட்கவும் இயலும் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

மின்துகள்கள் வளிமண்டலத்தினுள் பாய்கையில் ஒளியுடன் வானொலி அலைகளும் பிறக்கின்றன. அவற்றுள் வலிமைமிக்கவற்றை அயனி மண்டலம் விண்ணுக்கே திருப்பிவிடும். செயற்கைக்கோள்களே அவற்றை அறியும். சில கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலைகளில் ஒரு பகுதி தரையை எட்டுகிறது. அவ்வதிர்வெண் மனிதச் செவியின் எல்லைக்குள் அடங்குவதால் அலைவாங்கியும் பெருக்கியும் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். நாகம் சீறினாற்போன்ற நீண்ட இரைச்சல் கேட்கும். அறிவியலார் அதற்கு இட்ட பெயரும் சீற்றம் என்பதே.

துருவங்களுக்குத் தொலைவிலுள்ள கோவையில் அச்சீற்றத்திற்குக் காத்திருந்து பயனில்லை. ஆயினும் அதன் மூலகாரணமாகிய சூரியக் காற்றை உற்றறியும் செவி ஒன்று, மேட்டுப்பாளையம் கடந்து மலையேறினால், உதகையை அடுத்த முத்தோரையில் இருக்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைக்க, 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிந்த குன்றைத் தேடி, வடக்கு தெற்காக அதன்மேல் கிடத்தியமையால் கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. ஓர் அச்சில் சுழற்றியே ஒரு விண்பொருளைப் பல மணிநேரம் தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய இம்மதிநுட்பத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

326.5 மெகாஹெர்ட்ஸில் தொலைதூர வானொலி மூலங்களை நோக்குங்கால், இடையே வீசும் சூரியக் காற்றால் அவை விண்மீன்களைப்போல் மினுக்கும். அம்மினுக்கலிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கின்றனர். துருவ ஒளியைத் தூண்டும் சூரியப் புயலை அது வரும் வழியிலேயே இனங்காண இது உதவுகிறது.

நம் கல்லூரிப் பேருந்துகளோ கல்விச் சுற்றுலா என்ற பெயரில் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகின்றன. ‘அது இயற்பியலார்க்கு உரியது’ என்பர் தமிழ்த்துறையினர். வினாவையும் செவிவழி அறிவையும் ‘கேள்வி’ என்ற ஒரே சொல்லால் குறித்த மொழியினர் சொல்லத்தக்க விடையா இது?

மற்றொன்று. செல்பேசிக் கோபுரங்களும் மின்கருவிகளும் எழுப்பும் வானொலி இரைச்சல் இத்தகைய செவிகளைக் கெடுக்கும். மலையில் ஞெகிழிப் பையைத் தடுக்கும் நாம் இதனை மாசு என்றே எண்ணுவதில்லை. முத்தோரைப் பக்கம் புதிதாக எது எழுந்தாலும், அனுமதிக்குமுன் வானொலி அமைதியையும் கணக்கிற் கொள்ளவேண்டும். இதைக் கோர இயற்பியல் பட்டம் தேவையில்லை, தமிழ்த்துறையிலிருந்தே கோரலாம்.